பழைய வெப்சைட்: ரிப்பேரா, இடித்துக் கட்டுவதா, கைகழுவுவதா?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறவர், இளம்பிள்ளையில் சேலை விற்கிறவர், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவர். சேலம் வட்டாரத்தில் இப்படிப் பலர் 2008-லிருந்து 2014-க்குள் ஏதோ ஒரு வருடத்தில் வெப்சைட் போட்டார்கள். விசிட்டிங் கார்டின் கீழே ஒரு வரி கூடியது, அத்தோடு சரி. போட்டுக்கொடுத்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது கடைப் பெயரை முழுசாக அடித்துத் தேடினால்கூட முதலில் வந்து நிற்பது வேறு யாருடைய பக்கமோ.

யாரிடம் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "புதுசா போட்டுடலாங்க." சொல்கிறவர் வெப்சைட் செய்து விற்கிறவர் என்றால் வேறென்ன சொல்வார்? நானும் அதே பிழைப்பில்தான் இருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், இவர்களில் பலருக்குப் புது வெப்சைட் தேவையில்லை. சிலருக்கு வெப்சைட்டே தேவையில்லை. மீதிப் பேருக்கு இடித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. யார் எந்த ரகம் என்று பிரிப்பதற்குத் தளம் பார்க்க எப்படி இருக்கிறது என்பது உதவாது. தேடுபொறி அதை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்வைக்குப் படு பழசாக இருக்கும் தளம் நன்றாகப் படிக்கப்படலாம். போன வருடம் போட்ட பளபளப்பான தளம் கூகுளுக்கு வெறும் தாளாகவும் இருக்கலாம்.

முதலில் சோதனை. காசு செலவில்லை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. உங்கள் தளத்தைத் திறந்து, மவுஸால் இழுத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இழுத்தால் நீலமாக மாறவில்லை என்றால் பெரும்பாலும் அது எழுத்தே இல்லை, படம். மாறுகிறது என்றால் நகலெடுத்து உங்கள் வாட்ஸப்பில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் பிழைத்தீர்கள். 'கொலுசு' என்று இருந்த இடத்தில் என், எஃப், எச், ஒய், ஆர் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தால் அது பாமினி எழுத்துரு. டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்த அதே முறையில் வெப்சைட்டையும் அடித்திருக்கிறார்கள். திரையில் நம் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். கூகுள் படிப்பது அந்தக் குவியலைத்தான். 'சேலம் கொலுசு' என்று ஒருவர் யூனிகோடில், அதாவது இன்று போன்களும் கூகுளும் பயன்படுத்தும் பொது எழுத்து முறையில், தேடும்போது உங்கள் பக்கத்தில் 'கொலுசு' என்ற சொல்லே இல்லை. பக்கம் முழுக்கக் கொலுசைப் பற்றியே பேசியிருந்தாலும் இல்லைதான்.

அப்புறம், கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். கூகுள் பட்டியலில் உங்கள் பக்கங்கள் எவை இருக்கின்றன என்று ஓரளவு தெரியும். அதில் ஜப்பானிய எழுத்துகளோ மாத்திரை விளம்பரமோ தென்பட்டால் தளத்தை யாரோ ஹேக் செய்து தங்கள் சரக்கை ஏற்றியிருக்கிறார்கள். ஜூம்லா, வேர்ட்பிரஸ் போன்ற தளம் கட்டும் மென்பொருள்களில் செய்து, அப்டேட் பார்க்காமல் விட்ட பழைய தளங்களில் இது நடக்கக்கூடியதுதான். மூன்றாவது, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுக்கும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேர்த்து, ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து 'லைவ் டெஸ்ட்' போடுங்கள். கூகுளின் கைபேசி ரோபோவுக்குப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று படமாகவே காட்டும். பழைய கட்டுரைகள் சொல்லும் 'மொபைல் ஃபிரெண்ட்லி டெஸ்ட்' 2023 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஆளைக் கொல்லும் நோய் எது, வெறும் அசிங்கம் எது

பழைய உத்திகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை.

அட்டவணை போட்டுப் பக்கத்தை அடுக்கியது, மேலே ஓடும் வரி, கீழே 'நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்' என்ற எண், 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்ற குறிப்பு: இதெல்லாம் பார்க்கக் கண்றாவியாக இருக்கும், ஆனால் இவற்றுக்காகக் கூகுள் உங்களைப் பின்னால் தள்ளுவதில்லை. மெட்டா கீவேர்டு என்று ஒரு பட்டியலை உள்ளே ஒளித்து வைப்பார்களே, அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை 'அப்டேட்' செய்துதர யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொல்லும் ரகத்தில் முதலாவது ஃபிளாஷ், அதாவது தளத்தில் அசையும் படங்கள் காட்ட அன்று பயன்பட்ட மென்பொருள். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு அதை மூடியது. கூகுள் அதற்கு முந்தின வருடமே ஃபிளாஷ் உள்ளடக்கத்தைப் பட்டியலிடுவதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. முழுத் தளத்தையும் ஃபிளாஷில் செய்தவர்களுக்கு இன்று தளம் என்று ஒன்று இல்லை, முகவரிக்கு வருடச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, படத்துக்குள் எழுத்து. ஏற்காட்டுத் தங்கும் விடுதித் தளங்களில் இதுதான் பெரிய வியாதி என்பேன். ஃபிளக்ஸ் அடிக்கிறவரிடமே வாடகைப் பட்டியலும் வாங்கி ஒரே படமாக ஏற்றிவிடுகிறார்கள். ரூம் வாடகை, எத்தனை பேர் தங்கலாம், சைவமா அசைவமா, நாய் கொண்டுவரலாமா, இரவு கேம்ப்ஃபயர் உண்டா, படகு இல்லத்திலிருந்து எவ்வளவு தூரம், எல்லாமே அந்தப் படத்துக்குள். போன் நம்பரும் படம்தான். தொட்டால் கால் போகாது. 'ஏற்காடு லேக் பக்கத்துல ஃபேமிலி ரூம்' என்று தேடுகிறவருக்கு வேண்டிய விவரம் அத்தனையும் உங்களிடம் இருக்கிறது, எழுத்தாக மட்டும் இல்லை. படத்திலிருக்கும் எழுத்தைக் கூகுள் கொஞ்சம் அடையாளம் காணலாம். ஆனால் முக்கியமான விஷயத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

மூன்றாவது கைபேசி. கூகுள் 2018-லிருந்து படிப்படியாகக் கைபேசிப் பதிப்பை வைத்தே தளங்களைப் பட்டியலிடத் தொடங்கியது. 2024 ஜூலை 5-க்குப் பிறகு கைபேசியில் திறக்கவே திறக்காத தளத்தைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பொடி எழுத்தாகத் தெரிகிற பழைய தளம் இதற்காகப் பட்டியலிலிருந்து விழாது, ஆனால் வருகிறவர் பெருக்கிப் பார்க்கச் சலித்துத் திரும்பிவிடுவார். அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத பக்கத்தைப் போன் சுமார் 980 பிக்சல் அகலமாக நினைத்து வரைந்து சுருக்கிக் காட்டுகிறது. பொடி எழுத்துக்குக் காரணம் அதுதான். இதைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள், 2012 வாக்கில் 'மொபைலுக்குத் தனி சைட்' என்று கூடுதலாகக் காசு கொடுத்துச் செய்தவர்கள். அந்தக் குட்டித் தளத்தில் முகவரியும் போன் நம்பரும் மட்டும் இருக்கும். கூகுள் இப்போது எடுத்துக்கொள்வது அதைத்தான். பெரிய தளத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்தது கணக்கிலேயே வராமல் போகிறது.

நான்காவது, ஏமாற்று வேலை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'ஏற்காடு லாட்ஜ் ஏற்காடு ரிசார்ட் ஏற்காடு காட்டேஜ்' என்று நிரப்புவது, நாமக்கல்லுக்கு ஒன்று தர்மபுரிக்கு ஒன்று ஈரோட்டுக்கு ஒன்று என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பெருக்குவது. ஒரு காலத்தில் இதற்குப் பலன் இருந்தது. 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்று கூகுள் கொண்டுவந்த மாற்றங்களுக்குப் பிறகு இது சொந்தக் காசில் சூனியம். ஒளித்து வைத்த எழுத்து அவர்களின் ஸ்பேம் விதிகளில் நேரடியாகவே இருக்கிறது.

முகவரி ஹெச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்காத, அதாவது தகவலைப் பூட்டி அனுப்பாத தளத்தை எங்கே வைப்பது? நடுவில். 2014-லிருந்து அந்தப் பூட்டு தரவரிசையில் ஒரு சின்னக் காரணி. ஆனால் 2018 ஜூலையிலிருந்து குரோம் அது இல்லாத தளங்களை 'பாதுகாப்பானதல்ல' என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிக்காட்டுகிறது. முன்பணம் அனுப்பி ரூம் புக் செய்யப்போகிறவர் அதைப் பார்த்தால் அனுப்புவாரா? அந்தப் பூட்டுக்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், பல ஹோஸ்டிங்கில் (தளத்தை வைத்திருக்கும் வாடகை சர்வரில்) ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும்.

சரி, என்ன செய்வது?

அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி. வியாபாரம் முழுக்கத் தெரிந்த ஏஜென்ட்டுகள் மூலம் நடக்கிறது, கூகுளில் தேடி யாரும் வரப்போவதில்லை என்றால் இதில் தப்பில்லை. ஆனால் தளத்தை உள்ளேயிருந்து ஓட்டும் பி.எச்.பி. மென்பொருளின் 5.6 போல 2018-லேயே ஆதரவு நின்றுபோன பதிப்பில் ஓடும் தளத்தை விட்டுவைத்தால் ஹேக் ஆகும், அல்லது ஹோஸ்டிங்காரர் பதிப்பை மாற்றும் நாளில் வெள்ளைத் திரை வரும். விடுவதென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெயர், முகவரி, போன், என்ன செய்கிறீர்கள் என்று ஒரே ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

ரிப்பேர் என்பது சேலத்தில் யாரும் விற்க விரும்பாத சரக்கு, ஏனென்றால் பில் சின்னது. ஆனால் என் கணக்கில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கொலுசு மொத்த வியாபாரியின் தளத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஹெச்.டி.எம்.எல். பக்கங்கள், தமிழ் பாமினியில், படங்களுக்கு 'டிசைன் 114' என்று பெயர், எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு 'வெல்கம்'. இங்கே இடிக்க என்ன இருக்கிறது? பாமினியை யூனிகோடாக மாற்ற இணையத்தில் கருவிகள் கிடைக்கின்றன. மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்த வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கே உரிய தலைப்பு கொடுக்க வேண்டும். கைபேசி அகலத்துக்கு ஒரு வரியும் சில ஸ்டைல் விதிகளும் சேர்க்க வேண்டும். 'டிசைன் 114'-க்குக் கீழே அது குழந்தைக் கொலுசா, கல்யாணக் கொலுசா, முத்து வைத்ததா, ஜோடி எத்தனை கிராம், குறைந்தது எத்தனை ஜோடி வாங்க வேண்டும் என்று எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் வெப்சைட்காரரால் செய்ய முடியாது. கடைக்காரர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதனால்தான் அது நடப்பதே இல்லை.

ரிப்பேரில் கிடைக்கும் பெரிய லாபம், பக்க முகவரிகள் மாறாது. பத்துப் பதினைந்து வருடமாக யாராவது தங்கள் பக்கத்திலிருந்து உங்களுக்குக் கொடுத்து வைத்த இணைப்புகள், கூகுள் உங்கள் பக்கங்களைப் பற்றிச் சேர்த்துவைத்திருக்கும் கணிப்பு எல்லாம் அப்படியே நிற்கும். தளம் முழுக்க ஃபிளாஷ் என்றாலோ, தளத்தின் நிரல் கையில் இல்லை என்றாலோ, ஹேக் ஆகி உள்ளே எதை நம்புவது என்று தெரியாவிட்டாலோ ரிப்பேர் வேண்டாம்.

இடித்துக் கட்டுவதில்தான் பொறிகள் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதுத் தளம் வந்த மாதம் கூகுளிலிருந்து வரும் கூட்டம் சரிந்துபோவதை நிறையப் பார்க்கலாம். பெரும்பாலும் காரணம், பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடாதது. அறைகளுக்கான பழைய பக்கம் ஒரு முகவரியில் இருந்தது, புதியது வேறொன்றில் இருக்கிறது; பழையதற்கு வருகிறவருக்கு 'பக்கம் இல்லை' என்று பதில். 301 என்ற நிரந்தரத் திருப்பலை ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்குப் போட வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை, பலனும் கிடைக்காது.

இன்னொரு காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வேர்ட்பிரஸில் தளத்தைக் கட்டும்போது 'தேடுபொறிகளுக்குக் காட்டாதே' என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள், திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிடுவார்கள். முழுக் காசும் கொடுத்தபின் தளம் கூகுளில் இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்புறம், பழைய நோய்களே புதுச் சட்டை போட்டு வரும். அன்று ஃபிளாஷ் அறிமுகம் என்றால் இன்று முகப்பை நிறைக்கும் பனிமூட்ட வீடியோ. அன்று படத்துக்குள் வாடகை என்றால் இன்று கேன்வா என்ற டிசைன் ஆப்பில் செய்த போஸ்டருக்குள் வாடகை. கூகுளின் ரோபோ ஆளைப்போல ஸ்க்ரோல் செய்வதோ பட்டனை அழுத்துவதோ இல்லை. 'மேலும் காண்க' தட்டினால்தான் சர்வரிலிருந்து வரும் விவரம் அதற்குக் கிடைக்காமல் போகலாம். பதினான்கு பக்கம் இருந்த தளத்தை 'மாடர்னா இருக்கும்' என்று ஒரே நீளப் பக்கமாக்கி, காபி அறுவடை நவம்பரிலிருந்து எப்படி நடக்கும், கிளியூர் அருவிக்கு எந்த மாதம் போனால் தண்ணீர் இருக்கும் என்று விடுதிக்காரர் ஆசையாக எழுதியதை டிசைனர் வெட்டிப்போடுவதும் உண்டு. தேடலில் ஆளைக் கொண்டுவந்தது அந்தப் பக்கங்களாக இருக்கும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அஸ்தம்பட்டியில் வைஃபையில் திறந்து காட்டிவிட்டு 'ஃபாஸ்டா இருக்கு பாருங்க' என்பார்கள். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், சிக்னல் ஒரு கோடு நிற்கும் போனில், சாயங்காலம் ரூம் தேடுகிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர். வேகம் தரவரிசையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, ஆனால் அவர் காத்திருக்க மாட்டார். நாலு ரூம் விடுதிக்கு, இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் எடைமிகுந்த பேஜ் பில்டர் மென்பொருள் எதற்கு? பத்துச் சாதாரணப் பக்கம், சுருக்கிய படங்கள், தட்டினால் கால் போகும் நம்பர் போதும்.

கடைசி வழி, தளத்தைக் கைகழுவிவிட்டுக் கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், புக்கிங் போர்ட்டல் என்று போவது. தட்டுவடை செட் கடைக்கும் மெஸ்ஸுக்கும் இதுதான் சரி. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறவருக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் கடைகளைக் காட்டுகிறது. அங்கே நேரம், படம், ரிவ்யூ சரியாக இருந்தால் தளம் இல்லாமலே கூட்டம் வரும். ஆனால் இரவல் இடம் இரவல் இடம்தான். மேப் பதிவோடு சேர்த்துக் கூகுள் இலவசமாகக் கொடுத்த குட்டி வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அதையே முகவரியாக அச்சடித்து வைத்திருந்த கடைகள் கார்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. போர்ட்டலில் ஒவ்வொரு புக்கிங்குக்கும் கமிஷன் உண்டு. உங்கள் பெயரைச் சொல்லித் தேடுகிறவரைக்கூட உங்கள் தளம் பிடிக்காவிட்டால் போர்ட்டல் பிடித்துக்கொண்டு கமிஷன் எடுக்கும்.

ஆக, கொலுசு வியாபாரி ரிப்பேர் செய்யட்டும், எடையும் ரகமும் எழுதிச் சேர்க்கட்டும். மெஸ்காரர் மேப்பை ஒழுங்கு பண்ணினால் போதும். ஜவ்வரிசி ஆலைக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் ரகங்களின் பெயரும் மூட்டை எடையும் எழுத்தாக இருக்கட்டும். வெளி மாநில வியாபாரி தேடுவது அதைத்தான். ஏற்காட்டு விடுதிக்காரர் தளம் ஃபிளாஷ், படம், தனி மொபைல் சைட் என்று கிடந்தால் தயங்காமல் இடித்துக் கட்டலாம், அதே டொமைனில், அதாவது அதே தளப் பெயரில். புது டொமைன் ஆசை வேண்டாம்.

அதற்கு முன் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மெயிலுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பு போகிறது என்று பாருங்கள். பெங்களூர் போன பையன் பெயரில் இருந்தால் முதல் வேலை அவனைப் பிடித்து உங்கள் பெயருக்கு மாற்றுவது. வேலையை மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழாவுக்கு மலை நிறையும்போது தளம் மாற்றினால் கூகுள் புதுப் பக்கங்களைத் தெரிந்துகொள்வதற்குள் சீசன் போய்விடும். டெவலப்பரிடம் பேசும்போது டிசைன் மாதிரியைக் கேட்பதற்கு முன், பழைய முகவரிகளின் பட்டியலும் அவை ஒவ்வொன்றும் எங்கே திரும்பும் என்ற பட்டியலும் கேட்டு வாங்குங்கள். அந்தத் திருப்பல்களைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.